அலுவலகம் குடியிருப்பாகும்போது: வண்டிக்கு இடமும் வாயிலுக்கு வழியும்

(நகரமைப்பு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

இந்திய நகரங்களில் வீடு அலுவலகமாக மாறுவது பழைய செய்தி. முன்கூடத்தில் வழக்கறிஞர் அலுவலகம், மாடியில் தட்டச்சுப் பயிலகம், பின்கட்டில் கிடங்கு என்று குடியிருப்புத் தெருக்கள் சிறிது சிறிதாக வணிகத் தெருக்களாயின. தில்லியில் இது 2006-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி கடைகளுக்குப் பூட்டிட்டு முத்திரை வைக்கும் அளவுக்கு முற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் கலப்புப் பயன்பாட்டு விதிகள் அறிவிக்கப்பட்டன. வளாகத்துக்குள் வண்டி நிறுத்த இடம் இல்லாதவர்கள், பொது நிறுத்துமிடம் அமைப்பதற்கான செலவைச் செலுத்த வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. அந்த அனுபவம் கற்றுத் தந்த பாடம் எளியது: கட்டணம் செலுத்தியவுடன் கட்டிடத்தின் பயன்பாடு சட்டப்படி சரியாகிவிடலாம், ஆனால் வாயிலில் நிற்கும் கார் அதனால் அங்கிருந்து நகர்ந்துவிடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான மாற்றம், அதாவது அலுவலகம் வீடாவது, இந்தியாவில் இன்னமும் அரிதாகவே நிகழ்கிறது. எனினும் 2020-ம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் இது பற்றிய பேச்சு வலுத்துள்ளது. வீட்டிலிருந்தே பணி செய்யும் வழக்கம் ஒரு பகுதியினரிடையே நிலைத்துவிட்டது. நகரின் ஓரங்களில் எழுந்த புதிய அலுவலக வளாகங்களோடு, மையப் பகுதியின் பழைய கட்டிடங்கள் போட்டியிட இயலவில்லை. மறுபுறம், அதே மையப் பகுதியில் பணிபுரிவோர் குடியிருக்க வீடின்றி நெடுந்தொலைவிலிருந்து வந்து போகின்றனர். நிற்கும் கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதியது கட்டுவதைக் காட்டிலும், அதன் தூண்களையும் தளங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளமைப்பை மாற்றினால் சிமெண்டும் எஃகும் மிச்சமாகும். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் பேருந்து வசதியும் ஏற்கெனவே வாயில்வரை வந்திருக்கும். ஆகவே இது வரவேற்கத்தக்க முயற்சியே.

இத்தகைய திட்டங்களைப் பரிசீலிக்கும்போது முதலில் எழும் கேள்விகள் வெளிச்சம், காற்றோட்டம், சமையலறை, கழிப்பறை ஆகியவற்றைப் பற்றியவை. வாயிலும் வண்டியும் கடைசியிலேயே நினைவுக்கு வருகின்றன. அதற்குள் உட்சுவர்கள் எழுந்துவிடும்; வீடுகள் விலை பேசப்பட்டுவிடும். சுவரை இடித்துச் சன்னல் வைக்கலாம். குழாயை மாற்றிப் பதிக்கலாம். ஆனால் ஒன்பது மீட்டர் தெருவைப் பன்னிரண்டு மீட்டராக்க எந்தக் கட்டிடக் கலைஞராலும் இயலாது. ஆதலின் இவ்வுரை அந்தக் கடைசிக் கேள்வியை முதற் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது.

மாறுவது எண்ணிக்கையன்று, நேரம்

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970-ம் ஆண்டிலும், பின்னர் 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டும் வெளிவந்தது. அவசர வெளியேற்றத்துக்கான வழிகளைக் கணக்கிடுகையில், அலுவலகத்தில் 10 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றும், குடியிருப்பில் 12.5 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றும் அது கொள்கிறது. அப்படியானால் 1,000 சதுர மீட்டர் கொண்ட ஒரு தளத்தில் அலுவலகமாயின் 100 பேர். வீடாயின் 80 பேர். ஆட்கள் குறைகின்றனர், ஆகையால் வண்டிகளும் குறையும் என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு தவறானது.

அலுவலகத்தின் வண்டி காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையே வந்து மாலை ஆறு மணியளவில் போய்விடுகிறது. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வளாகம் காலியாகக் கிடக்கிறது. வீட்டின் வண்டிக்கு இரவுதான் உரிய நேரம். வார நாட்களில் பேருந்திலோ மெட்ரோவிலோ அலுவலகம் செல்பவருடைய கார், திங்கள் முதல் வெள்ளிவரை அசையாமல் நிற்பதும் உண்டு. பண்டிகை நாட்களில் உறவினர்களின் வண்டிகளும் வந்து சேரும்.

நிறுத்தும் முறையும் மாறுகிறது. அலுவலகத்தில் காவலரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு காரின் பின் மற்றொரு காரை நெருக்கி நிறுத்த முடியும். பகலெல்லாம் ஆள் இருப்பதால் வேண்டும்போது நகர்த்திக்கொள்ளலாம். குடியிருப்பில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவருக்கு மார்வலி ஏற்படும்போது, வழியை மறித்து நிற்கும் காரின் உரிமையாளர் எந்தத் தளத்தில் உறங்குகிறார் என்று தேடிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே அலுவலகத்தில் 60 கார் நின்ற அதே தரையில், குடியிருப்பில் 60 கார் நிற்குமென்று எழுதித் தருவது சரியன்று. முன்பின்னாக அமைந்த இரு இடங்களை ஒரே வீட்டுக்கு ஒதுக்கினாலொழிய, பின்னிடத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது.

வரும் வண்டிகளின் வகையும் வேறு. அலுவலகத்துக்குக் காரும் ஸ்கூட்டரும் தபால்காரரின் சைக்கிளும் போதும். வீட்டுக்குச் சமையல் எரிவாயு வண்டி, கோடையில் தண்ணீர் லாரி, குப்பை வண்டி, பள்ளி வேன், வீடு மாறும்போது சாமான் லாரி, பொட்டலம் கொண்டுவரும் இளைஞர்களின் இருசக்கர வண்டிகள், ஆம்புலன்ஸ், என்றேனும் ஒருநாள் இறுதி ஊர்தி என எல்லாமே வந்தாக வேண்டும். இவற்றில் பல நிலத்தடித் தளத்தின் தாழ்ந்த கூரைக்குக் கீழ் நுழையா. எல்லாவற்றுக்கும் தரைமட்டத்தில், வாயிலுக்கு அருகில், சிறிது நேரம் நின்று திரும்பும் இடம் தேவை. பழைய அலுவலகத்தின் வரைபடத்தில் அத்தகைய இடம் பெரும்பாலும் இராது.

இடத்தின் கணக்கு

வண்டி நிறுத்தத்துக்கான அளவுகளை ஒவ்வொரு மாநிலமும் நகரமும் தனித்தனியே வகுத்துள்ளன. எடுத்துக்காட்டாக, 2007-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட தில்லிப் பெருந்திட்டத்தைக் கொள்ளலாம். அது 100 சதுர மீட்டர் கட்டிடப் பரப்புக்கு அரசு அலுவலகமாயின் 1.8 கார் இடமும், குடியிருப்பாயின் 2 கார் இடமும் வேண்டுமென்றது. ஒரு கார் இடத்துக்குத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டர், தரைத்தளத்தில் கூரையின் கீழ் 28 சதுர மீட்டர், நிலத்தடித் தளத்தில் 32 சதுர மீட்டர் எனக் கணக்கிட்டது. இதில் கார் நிற்கும் இடம் மட்டுமின்றி, அது வந்து திரும்பும் பாதையின் பங்கும் சேர்ந்தது.

இவ்வளவுகளின்படி 5,000 சதுர மீட்டர் பரப்புள்ள அரசு அலுவலகக் கட்டிடம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அலுவலகமாக இருந்தவரை அதற்கு 90 கார் இடம் போதும். குடியிருப்பானால் 100 வேண்டும். பற்றாக்குறை பத்தே இடம். ஆயினும் அந்தப் பத்து இடத்தை நிலத்தடியில் உண்டாக்க 320 சதுர மீட்டர் தேவை. நிற்கின்ற கட்டிடத்தின் அடியில் புதிதாகத் தோண்டுவது அநேகமாக இயலாத செயல். எனவே திட்டமே கைவிடப்படும். அல்லது விதிவிலக்குக் கோரி மனு வரும்.

இங்கு ஆழ்ந்து நோக்க வேண்டியது வேறொன்று. அதே 5,000 சதுர மீட்டரை 50 பெரிய வீடுகளாகப் பிரித்தால் வீட்டுக்கு இரண்டு கார் இடம் கிடைக்கிறது. 100 சிறிய வீடுகளாகப் பிரித்தால் வீட்டுக்கு ஒன்று. பரப்பை மட்டும் அளக்கும் விதி, உள்ளே எத்தனை குடும்பம் வாழப்போகிறது என்பதையோ, அக்குடும்பங்களிடம் எத்தனை வண்டி உண்டு என்பதையோ அறிவதில்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் குடும்பங்களில் 4.7 சதவிகிதமே கார், ஜீப் அல்லது வேன் வைத்திருந்தன. நகர்ப்புறத்தில் மட்டும் பார்த்தால் அது 9.7 சதவிகிதம், ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ வைத்திருந்தவை 35.2 சதவிகிதம். பின்னர் 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், கார் உள்ள குடும்பங்கள் நாடு முழுவதிலும் 7.5 சதவிகிதமாக உயர்ந்திருந்தன. மாநகரின் மையத்தில் வீடு வாங்க வல்லவர்களிடம் இதைவிடக் கூடுதலான கார்கள் இருக்கும் என்பது உண்மையே. எனினும் சராசரிக்கும் விதிக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் கவனத்துக்குரியது.

இன்னொரு ஒப்பீடும் செய்யத்தக்கது. 2015-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரின் வீட்டுக்கு 30 சதுர மீட்டர் வரை உட்பரப்பு அனுமதிக்கப்பட்டது. நிலத்தடியில் ஒரு காருக்குக் கணக்கிடப்படும் 32 சதுர மீட்டர் அதைவிடச் சற்றே அதிகம். ஒன்று வழியின் பங்கையும் சேர்த்த அளவு, மற்றது சுவர்களுக்குள் அடங்கிய அளவு என்ற வேறுபாட்டை ஒப்புக்கொண்டாலும், ஒரு காரும் ஒரு குடும்பமும் ஏறத்தாழ ஒரே அளவு இடத்தைக் கேட்கின்றன என்பது விளங்கும். கூடுதல் கார் இடத்துக்கான ஒவ்வொரு நிபந்தனையும் வீட்டின் விலையில் ஏறுகிறது. காரே இல்லாதவரும் அதைச் சுமக்கிறார்.

பழைய கட்டிடங்களின் உடலமைப்பும் இடர் தருவது. அம்பாசிடர் கார் ஓடிய காலத்தில் வகுக்கப்பட்ட நிறுத்துமிடங்கள் அவை. அதன் அகலம் ஏறத்தாழ 1.66 மீட்டர், இன்று விற்பனையாகும் பெரிய கார்கள் பலவும் 1.8 மீட்டரைத் தாண்டியவை. இரு தூண்களுக்கிடையே அன்று மூன்று கார்கள் கதவு திறக்கும் வசதியோடு நின்ற இடத்தில் இன்று இரண்டே நிற்கலாம். காகிதத்தில் உள்ள எண்ணும் தரையில் உள்ள எண்ணும் இவ்வாறு வேறுபடுவதால், வரைபடத்தை நம்பாமல் அளவு நாடாவை நம்புவதே முறை.

இயந்திரங்களின் உதவியால் கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறைக்கு, மின்தூக்கியுடன் கூடிய அமைப்பாயின் ஒரு காருக்கு 16 சதுர மீட்டர் போதுமென்று அதே பெருந்திட்டம் கணக்கிட்டது. இடம் பாதியாகக் குறைவது பெரிய ஆதாயமே. ஆனால் அந்த இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு காரைத்தான் இறக்கும். மின்சாரமும் பராமரிப்பும் இடைவிடாது வேண்டும். பராமரிப்புச் செலவைப் பகிர்ந்துகொள்வதில் குடியிருப்போர் சங்கத்துக்குள் தகராறு எழுந்தால், இயந்திரம் துருப்பிடிக்கும். கார்கள் தெருவுக்கு வரும்.

மின்சாரக் கார்களின் வருகையும் கணக்கில் சேர வேண்டும். 2016-ம் ஆண்டின் மாதிரிக் கட்டிட விதிகள் 2019 பிப்ரவரியில் திருத்தப்பட்டபோது, வளாகத்தின் நிறுத்துமிடங்களில் 20 சதவிகிதத்துக்கு மின்னேற்றும் வசதி வேண்டுமென்று கூறப்பட்டது. மின்விளக்கும் மின்விசிறியும் குளிர்சாதனமும் மட்டுமே எண்ணி வாங்கப்பட்ட பழைய மின் இணைப்பு, வீடுகளின் சமையலறைச் சுமையோடு இந்தச் சுமையையும் தாங்குமா என்பதை மாற்றத்துக்கு முன்பே ஆராய வேண்டும்.

தீயணைப்பு வண்டி செல்லும் வழி

கார் இடத்தின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கூட்டவோ குறைக்கவோ இயலாதது ஒன்று உண்டு. அது தீயணைப்பு வண்டியின் வழி.

2016-ம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள கட்டிடங்களை உயர்ந்த கட்டிடங்களாகக் கருதுகிறது. அத்தகைய கட்டிடம் அமைந்த தெரு 12 மீட்டருக்குக் குறையாத அகலம் கொண்டிருக்க வேண்டும். வளாகத்தின் வாயில் 6 மீட்டருக்குக் குறையலாகாது. வாயிலின் மேல் வளைவு இருப்பின் அதன் உயரம் 5 மீட்டருக்குக் குறையலாகாது. கட்டிடத்தைச் சுற்றியுள்ள வழி 6 மீட்டர் அகலமும், திருப்பங்களில் 9 மீட்டர் ஆரமும், 45 டன் எடையுள்ள வண்டியைத் தாங்கும் உறுதியும் உடையதாக இருக்க வேண்டும்.

அலுவலகம் குடியிருப்பாகும்போது இவற்றில் முதலில் பலியாவது சுற்றுவழிதான். இதற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. அலுவலக நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் காலியாகிவிடும் அந்த ஆறு மீட்டர் வெளி, குடியிருப்பு நாட்களில் இரவு பத்து மணிக்கு ஒரு வரிசைக் கார்களால் நிறைகிறது. காருக்கு இரண்டரை மீட்டர் போனால் எஞ்சுவது மூன்றரை மீட்டர். கார் போகும், தீயணைப்பு வண்டி போகாது. மக்கள் உறங்கும் நேரமும் அதுவே. விழித்திருப்போர் நிறைந்த அலுவலகத்தில் பகலில் பற்றும் தீயைவிட, குழந்தைகளும் முதியோரும் உறங்கும் வீட்டில் இரவில் பற்றும் தீ கொடியது.

இன்னொரு மறைந்த ஆபத்தும் உண்டு. பழைய அலுவலகங்கள் பலவற்றில் நிலத்தடித் தளம் கட்டிடத்தின் எல்லையைக் கடந்து, சுற்றுவெளியின் அடிவரை நீண்டிருக்கும். மேலே பார்க்கும்போது தரையாகத் தோன்றுவது உண்மையில் கீழ்த்தளத்தின் கூரை. அந்தக் கூரை கார்களின் எடைக்காக அமைக்கப்பட்டதா, தீயணைப்பு வண்டியின் எடைக்காக அமைக்கப்பட்டதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சான்றளிக்க வேண்டும். சான்று இல்லையேல், அகலம் சரியாக இருந்தும் அவ்வழி வழியாகாது.

நிறுத்துமிடத்தின் பயன்பாடு பிறழ்ந்ததன் விளைவை நாடு மறந்துவிடவில்லை. 1997-ம் ஆண்டு ஜூன் 13-ம் நாள் தில்லியின் உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். தீ தொடங்கியது தரைத்தளத்தில், கார்கள் நின்ற இடத்தையொட்டியிருந்த மின்மாற்றியில். அருகில் நின்ற கார்கள் அதை வளர்த்தன. 2011-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் நாள் தென் கொல்கத்தாவின் மருத்துவமனை ஒன்றில் ஏறத்தாழ 90 பேர் உயிரிழந்தனர். கார் நிறுத்துவதற்கென ஒப்புதல் பெற்ற நிலத்தடித் தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் குவிக்கப்பட்டிருந்தன. 2024-ம் ஆண்டு ஜூலை 27-ம் நாள் தில்லியின் பழைய ராஜேந்திர நகரில், நிறுத்துமிடத்துக்கும் கிடங்குக்கும் அனுமதி பெற்ற நிலத்தடித் தளம் நூலகமாகப் பயன்பட்டபோது வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தனர். மூன்றும் வெவ்வேறு வகை நிகழ்ச்சிகளே. ஆயினும் வண்டி நிறுத்துமிடத்தைக் கட்டிடத்தின் உதிரிப் பகுதியாக எண்ணும் மனப்பான்மை எங்கே கொண்டுவிடும் என்பதை மூன்றும் காட்டுகின்றன.

தெருவும் நடைபாதையும்

வாயிலுக்கு வெளியே உள்ள தெருவும் அலுவலக நேரத்துக்கென அமைந்தது. வணிகப் பகுதிகளில் ஒருவழிப் பாதை, நிற்கத் தடை, பகலில் லாரிகளுக்குத் தடை எனப் பல கட்டுப்பாடுகள் உண்டு. குடும்பம் ஒன்று வீடு மாறி வரும் நாளில் சாமான் லாரி எப்போது, எங்கே நிற்கும்? பள்ளி வேன் எந்தப் பக்கம் குழந்தையை இறக்கும்? சாலையின் நடுத்தடுப்பு காரணமாக வண்டி எவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டும்? இவை சிறு கேள்விகளாகத் தோன்றினும், போக்குவரத்துக் காவல் துறையோடு முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டியவை.

அலுவலகத்துக்கு உள்வாயில், வெளிவாயில் என இரண்டு இருப்பது வழக்கம். இரண்டும் நடைபாதையை அறுத்துச் செல்கின்றன. குடியிருப்பில் வண்டிகள் ஒரே நேரத்தில் மொத்தமாக வருவதில்லை. எனவே பல இடங்களில் கார்களுக்கு ஒரு வாயில் போதுமானது. மற்றதை நடந்து வருவோருக்கும் அவசர வண்டிக்கும் ஒதுக்கலாம். இந்தியச் சாலைகள் பேரவையின் 2012-ம் ஆண்டு வழிகாட்டி நெறி, குடியிருப்பும் கலப்புப் பயன்பாடும் உள்ள பகுதிகளில் நடைபாதைக்குத் தடையற்ற அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்கிறது. வாயில் வருமிடத்தில் நடைபாதை கீழிறங்காமல் அதே மட்டத்தில் தொடர்ந்தால், காரோட்டி வேகம் குறைத்து வருவார். கைக்குழந்தையோடு நடப்பவரும் சக்கர நாற்காலியில் செல்பவரும் தயங்காமல் கடப்பர்.

உடல் ஊனமுற்றோரின் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டு வந்த பின், இவ்வேற்பாடுகள் சலுகையாக அன்றி உரிமையாகவே கருதப்பட வேண்டியவை. அவர்களுக்கான கார் இடம் 3.6 மீட்டர் அகலமும், முதன்மை வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் அமைய வேண்டும். பழைய அலுவலகங்களின் முகப்பில் மதிப்புக்காகக் கட்டப்பட்ட ஐந்தாறு படிகள் இருக்கும். அலுவலகத்தில் அவற்றை ஏற முடியாதவர் அங்கு வாராமலே போனார். வீட்டில் அவர் வாழ வருகிறார்.

நிறுத்துமிடம் யாருக்குச் சொந்தம்?

அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஓர் உரிமையாளரே இருப்பார். வண்டி எங்கு நிற்கலாம் என்பதை அவர் தீர்மானிப்பார். குடியிருப்பானதும் உரிமையாளர் நூறு பேர். தகராறு இங்குதான் வேர் கொள்கிறது.

2010-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ம் நாள் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் 1963-ம் ஆண்டு அடுக்கு வீடுகள் சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வழக்கில், தூண்களுக்கிடையே உள்ள திறந்த நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியே விற்க இயலாது, அது அனைவருக்கும் பொதுவானது என்று தீர்ப்பளித்தது. 2016-ம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் திறந்த நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளில் சேர்த்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ளதையே கார்க்கொட்டகை என வரையறுத்தது. அச்சட்டம் மனைவணிகத் திட்டம் என்பதை விளக்குகையில், ஏற்கெனவே உள்ள கட்டிடத்தையோ அதன் பகுதியையோ அடுக்கு வீடுகளாக மாற்றுவதையும் சொல்லிலேயே சேர்த்துள்ளது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். எனவே மாற்றிக் கட்டுகிறோம், புதிதாகக் கட்டவில்லை என்று கூறி வீடு விற்பவர் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. எத்தனை கார் இடம், எவ்வகையானது, யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே எழுத்தில் பெறுவது நலம்.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில் 2013-ம் ஆண்டு மே மாதம் முதல், அலுவலகங்களை வீடுகளாக மாற்ற முழு அளவிலான திட்ட அனுமதி தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டது. அவ்வாறு தளர்த்தியபோதும், போக்குவரத்தின் மீதும் சாலையின் மீதும் ஏற்படும் விளைவை உள்ளாட்சி ஆராய்ந்து முன்னொப்புதல் தர வேண்டுமென்ற நிபந்தனை விடப்படவில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டன் மையப் பகுதியில், புதிய வீடுகளுக்குக் குறைந்தபட்சக் கார் இடம் வேண்டுமென்ற விதி 1982-ம் ஆண்டிலேயே நீக்கப்பட்டு, அதிகபட்ச அளவு விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் அத்தீவின் தென்கோடியில் அலுவலகங்கள் பல வீடுகளானபோது கார் இடம் ஒரு தடையாக நிற்கவில்லை. சுரங்க ரயில் வாயிலருகே இருந்தது. ஜப்பானில் 1962-ம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குபவர் தம் இருப்பிடத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் அதை வைக்க இடம் உண்டென்று சான்று காட்ட வேண்டும்.

இம்மூன்றும் மூன்று வழிகள். முதலாவது, சாலையை மட்டும் பார். இரண்டாவது, பொதுப் போக்குவரத்தை நம்பு. மூன்றாவது, பொறுப்பைக் கட்டிடத்தின் மேலன்றிக் காரின் உரிமையாளர் மேல் வை. எதையும் அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. ஆயினும் இந்தியக் கொள்கைகளும் இத்திசைக்கு அயலானவை அல்ல. 2006-ம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளின் இயக்கத்தைவிட மக்களின் இயக்கத்துக்கே முதலிடம் தந்தது. நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டுமென்றது. 2017-ம் ஆண்டின் போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள நடைதூரப் பகுதியில் வீடுகளைச் செறிவாக அமைக்கச் சொல்கிறது. மையப் பகுதியின் பழைய அலுவலகங்கள் பல இத்தகைய தூரத்திலேயே நிற்கின்றன.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து, இவ்வகை விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதற்கு ஓர் ஒழுங்கு கிடைக்கிறது.

முதலாவதாக, தீயணைப்பு வண்டியின் வழியை அளக்க வேண்டும். தெரு, வாயில், வளைவு, திருப்பம், தரையின் தாங்குதிறன் ஆகிய ஐந்தும் நிறைவேறினால் மட்டுமே மற்றவற்றைப் பேசலாம். இதில் விதிவிலக்குக்கு இடமில்லை. தெருவே போதாதெனில், அக்கட்டிடம் இரவில் மக்கள் உறங்கும் இடமாவதற்குத் தகுதியற்றது என்று துணிந்து கூறிவிடுவதே அனைவருக்கும் செய்யும் நன்மை.

இரண்டாவதாக, அந்த வழியைக் கழித்த பின் எஞ்சும் இடத்தில் எத்தனை கார், எத்தனை இருசக்கர வண்டி, எத்தனை சைக்கிள் நிற்கும் என்று தரையிலேயே கோடிட்டு எண்ண வேண்டும். ஒரு கார் இடத்தில் நான்கைந்து ஸ்கூட்டர்கள் நிற்கும் என்பதால், சிறிய வீடுகள் கொண்ட திட்டங்களில் இருசக்கர வண்டிக்கு முன்னுரிமை தருவது பல குடும்பங்களுக்குப் பயன் தரும்.

மூன்றாவதாக, எஞ்சிய இடத்துக்கேற்ப வீடுகளின் அளவையும் எண்ணிக்கையையும் அமைக்க வேண்டும். வீடுகளை விற்றுவிட்டு இடத்தைத் தேடலாகாது. மெட்ரோவோ புறநகர் ரயிலோ நடைதூரத்தில் இருப்பின், கார் இடத்தின் எண்ணிக்கையைக் குறைக்கும் அதிகாரம் அனுமதி வழங்கும் அமைப்புக்கு இருக்க வேண்டும். அவ்வாறு குறைக்கப்பட்ட செய்தி விற்பனைப் பத்திரத்தில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

நான்காவதாக, பக்கத்து அலுவலகங்களின் நிறுத்துமிடம் இரவில் காலியாகக் கிடப்பதைப் பயன்படுத்தலாம். மாலை ஏழு முதல் காலை எட்டு வரை வாடகைக்கு விடுவதற்கான ஒப்பந்தம் நீண்ட காலத்துக்குச் செய்து பதிவு செய்யப்படுமாயின், ஒரே தரை இரு வேளையும் பயன்படும். அலுவலகமும் வீடும் அடுத்தடுத்து இருப்பதன் உண்மையான ஆதாயம் இதுவே.

ஐந்தாவதாக, நிறைவுச் சான்றிதழ் வழங்குமுன் தீயணைப்புத் துறையின் வண்டியை வளாகத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். குடிபுகுந்து ஆறு மாதம் கழித்து, இரவு பதினொரு மணிக்கு, முன்னறிவிப்பின்றி மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பகற்பொழுதில் செய்யும் சோதனை அலுவலகத்தைத்தான் சோதிக்கும், வீட்டைச் சோதிக்காது.

விதிகள் இரு வகையில் தவறக்கூடும். புதிய கட்டிடத்துக்கான கார் இடம் முழுவதையும் பழைய கட்டிடத்திடம் கேட்டால், பயன்படத்தக்க கட்டிடங்கள் பூட்டிக் கிடக்கும். வீடில்லாதோர் தொலைவிலேயே இருப்பர். எதையுமே கேளாது விட்டால், வீடுகள் நிறையும், வழிகள் அடைபடும். காருக்கான இடத்தில் நெகிழ்ச்சியும், உயிருக்கான வழியில் உறுதியும் காட்டுவதே இவ்விரு தவறுகளுக்கும் நடுவிலான நெறி. ஒரு குடும்பம் காரில்லாமல் வாழ முடியும். இந்தியாவின் பெரும்பான்மைக் குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. தீப்பற்றிய இரவில் உதவி வந்து சேரும் வழி இல்லாமல் எந்தக் குடும்பமும் வாழ முடியாது.